ஆர்பிட்ரேஷன் செலவு: கால்குலேட்டர் காட்டாத கணக்கு

சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஏற்றுமதியாளர் வந்திருந்தார். ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு இயந்திர பாகங்கள் அனுப்பியதில் 18 லட்சம் டாலர் பாக்கி. சரக்கில் குறை என்று சொல்லி அவர்கள் பணத்தை நிறுத்திவிட்டார்கள். இவர் ஐசிசி இணையதளத்தில் இருக்கும் செலவுக் கால்குலேட்டரில் தொகையைப் போட்டு, வந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவந்திருந்தார். "இவ்ளோதானுங்களே சார், கட்டிட்டு கேஸைப் போட்டிரலாமுங்க."

(ஐசிசி என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வருவது இயல்பு. இது பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை. கோர்ட்டுக்குப் போகாமல், நடுவர்களை வைத்து வணிகத் தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனை நடத்தித் தரும் அமைப்பு.)

அவர் வட்டமிட்ட எண் தவறில்லை. ஆனால் அது நடுவர்களின் கட்டணமும் ஐசிசியின் நிர்வாகக் கட்டணமும் மட்டும். 2015-இல் ஐசிசி வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆர்பிட்ரேஷனில் ஆகும் மொத்தச் செலவை இப்படிப் பிரிக்கிறது: 100 ரூபாயில் ஐசிசிக்கு 2, நடுவர்களுக்கு 15. மீதி 83 ரூபாய், வழக்கறிஞர், நிபுணர், சாட்சி, பயணம் என்று தரப்பினர் தாங்களே செய்யும் செலவு. எல்லா வழக்கும் இந்த விகிதத்தில் அமையாது. ஆனாலும் கால்குலேட்டர் தாளோடு வருபவரிடம் இதைத்தான் முதலில் எழுதிக் காட்டுகிறேன். சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது 17 ரூபாய்க் கணக்கு.

அடுத்து ஒப்பந்தத்தைக் கேட்டேன். 2016-இல் கையெழுத்தானது. ஐசிசி விதிகள், மூன்று நடுவர்கள், இடம் சிங்கப்பூர். படித்ததும் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. ஐசிசியில் விரைவு நடைமுறை என்று ஒன்று உண்டு. ஒரே நடுவர், குறைக்கப்பட்ட கட்டணம், முதல் நடைமுறைக் கூட்டத்திலிருந்து ஆறு மாதத்தில் தீர்ப்பு என்பது இலக்கு. 2017 மார்ச் 1 முதல் செய்த ஒப்பந்தங்களில் 20 லட்சம் டாலர் வரையிலான வழக்குகளுக்கும், 2021 ஜனவரி 1 முதல் செய்தவற்றில் 30 லட்சம் வரையிலான வழக்குகளுக்கும் இது தானாகவே பொருந்தும். ஷரத்தில் மூன்று நடுவர் என்று எழுதியிருந்தால்கூட ஐசிசி ஒருவரை நியமிக்க முடியும். இவருடைய ஒப்பந்தம் சில மாத வித்தியாசத்தில் வெளியே நின்றது. இரு தரப்பும் சம்மதித்தால் அப்போதும் அந்த வழிக்குப் போகலாம். கேட்டோம். பணம் தர வேண்டியவர் ஏன் அவசரப்படப் போகிறார்? மறுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் போடும்போது விலைக்கும் டெலிவரி தேதிக்கும் பத்து மெயில் போகும். கடைசிப் பக்கத்து ஆர்பிட்ரேஷன் ஷரத்து பழைய ஃபைலிலிருந்து அப்படியே ஒட்டப்படும். செலவின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. மூன்று நடுவர் என்றால் மூன்று கட்டணம் மட்டுமல்ல. மூன்று பேருக்கும் ஒத்துவரும் தேதி கிடைக்கும் வரை காத்திருப்பும் சேரும். எந்த ஆர்பிட்ரேஷன் அமைப்பு என்பதும் முக்கியம். ஐசிசியும் சிங்கப்பூரின் எஸ்ஐஏசியும் கேட்கும் தொகையை வைத்துக் கட்டணம் போடுகின்றன. லண்டனின் எல்சிஐஏவில் நடுவருக்கு மணிக்கணக்கு. தொகை பெரிது, சிக்கல் சின்னது என்றால் மணிக்கணக்கு லாபமாகலாம். இழுத்தடிக்கும் எதிராளி அமைந்தால் அதே மணிக்கணக்கு கையைக் கடிக்கும்.

சரி, பட்ஜெட் எப்படிப் போடுவது? மொத்தமாக ஒரே எண் சொல்வதை நான் விட்டுவிட்டேன். மனு, நடுவர் நியமனம், வாதுரைகள், ஆவணப் பரிமாற்றம், சாட்சிகளும் நிபுணர்களும், விசாரணை, அதற்குப் பிந்தைய வாதுரை, அமலாக்கம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த எண், அதிக எண் இரண்டும் எழுதுகிறேன். எந்தக் கட்டத்தில் சமரசம் பேச நிற்கலாம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

இதில் எண் நிலையாக நிற்காத கட்டம் ஆவணப் பரிமாற்றம். ஒரு தரப்பு இன்னொரு தரப்பிடம் ஆவணம் கேட்க ரெட்ஃபெர்ன் அட்டவணை என்று ஒன்று போடுவார்கள். எந்த ஆவணம், ஏன் வேண்டும், எதிர்த்தரப்பின் ஆட்சேபம், நடுவரின் முடிவு என்று பத்தி பத்தியாக ஓடும். பார்க்கச் சாதாரண டேபிள்தான். ஆனால் ஒரு வரியில் "2016 முதல் 2019 வரையிலான தரப் பரிசோதனை தொடர்பான எல்லா மெயில்களும்" என்று வந்தால், அதைத் தேடி எடுத்து, படித்து, வழக்கறிஞரோடு நடந்த ரகசியப் பேச்சை ஒதுக்கி வைக்க ஜூனியர்கள் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த வாரங்களில் கம்பெனியின் தர மேலாளரும் கணக்காளரும் சொந்த வேலையை விட்டுவிட்டு நம்மோடுதான் இருப்பார்கள். அந்தச் சம்பளத்தை எந்த பட்ஜெட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

விசாரணை ஐந்து நாள் என்றால் ஐந்து நாள் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. அறை வாடகை, சொல்லச் சொல்லப் பதிவு செய்பவர், மொழிபெயர்ப்பாளர், விமானம், ஹோட்டல் எல்லாம் எண்ணக்கூடியவை. அதற்கு முந்தைய ஒன்றரை மாதத் தயாரிப்புதான் பில்லை ஏற்றுகிறது. இங்கே சேமிக்க ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூரில் நடந்தால் சிங்கப்பூர் வழக்கறிஞர்தான் வாதாட வேண்டும் என்ற கட்டாயம் ஆர்பிட்ரேஷனில் கிடையாது. சென்னை அணி வழக்கை நடத்தி, வெளிநாட்டுச் சட்டக் கேள்விக்கு மட்டும் அங்கிருந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

முன்பணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசிசியில் மனுவோடு 5,000 டாலர் கட்ட வேண்டும். அது திரும்பி வராது, ஆனால் நம் பங்கு முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். அப்புறம் முழு முன்பணத்தை நிர்ணயிப்பார்கள். விதிப்படி இரு தரப்பும் பாதிப் பாதி. எதிராளி தன் பாதியைக் கட்டாவிட்டால்? வழக்கு நகர வேண்டுமானால் அதையும் நாம்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் மனு வாபஸ் ஆனதாகிவிடும். எதிராளி திருப்பி நம்மிடம் ஒரு கோடி டாலர் கேட்டுக் கவுன்டர் கிளெய்ம் போட்டால் வழக்கின் மதிப்பு ஏறி முன்பணமும் ஏறும். அவர் பங்கைத் தனியாக நிர்ணயிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் முன்பண வரியில் நான் எப்போதும் நூறு சதவீதத்தையும் நம் பக்கமே எழுதுகிறேன். க்ளையன்டுகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

வரி இன்னொரு பள்ளம். வெளிநாட்டு வழக்கறிஞரின் பில்லுக்கு இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியை நாமே ரொக்கமாகக் கட்ட வேண்டும். பின்னால் இன்புட் கிரெடிட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, வரலாம், ஆனால் அந்த மாதம் பணம் வெளியே போய்விடும். வருமான வரிப் பிடித்தம் இருந்தால் "எங்களுக்கு முழுத் தொகையும் வர வேண்டும்" என்று அவர்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். பிடித்தமும் நம் தலையில். எல்லாமே டாலரில் என்பதால், இரண்டு வருட வழக்கில் ரூபாய் சரியும் சரிவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

"ஜெயிச்சா செலவு திரும்பக் கிடைக்குமுங்களே?" என்றார் ஏற்றுமதியாளர். தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்பது பரவலான வழக்கம்தான். ஆனால் முழுதாக வராது. யூகோஸ் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர்கள் ரஷ்யா மீது தொடுத்த வழக்கில் 2014-இல் 5,000 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வந்தது. அவ்வளவு பெரிய வெற்றியிலும், கேட்ட சுமார் 8 கோடி டாலர் வழக்குச் செலவில் 6 கோடிதான் கிடைத்தது. 2016-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்ய, 2020-இல் மேல்முறையீட்டில் மீண்டும் உயிர் பெற்றது. அந்த நான்கு வருட வழக்கறிஞர் பில்லையும் யாரோ கட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். நம் ஆளுக்கும், ஜெயித்தாலும் ஜெர்மனியில் போய் அமலாக்க மனு போட வேண்டிவரலாம். அது தனிக் கட்டம், தனி வழக்கறிஞர்.

கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு அவர் வழக்குப் போட்டார். ஆவணப் பரிமாற்றம் முடிந்ததும் சமரசமானது. கேட்டதில் கணிசமான பங்கு கிடைத்தது. என் பட்ஜெட் மட்டும் ஓரிடத்தில் தப்பிவிட்டது: மொழிபெயர்ப்பு. ஜெர்மன் ஆவணங்களுக்கு ஒதுக்கியிருந்தேன், தமிழுக்கு ஒதுக்கவில்லை. அவருடைய டெஸ்பாட்ச் மேனேஜரும் சூப்பர்வைசரும் மூன்று வருடம் வாட்ஸ்அப்பில் பேசியது முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எல்லாவற்றையும் சான்றளித்த மொழிபெயர்ப்பாக்கச் சொன்னார்கள் நடுவர்கள். "லோடு ஏத்தியாச்சு, ஏதாச்சும் வந்தா பாத்துக்கலாம்" என்று ஒரு மெசேஜ். அந்தப் 'பாத்துக்கலாம்' குறை தெரிந்தே அனுப்பியதற்கு ஒப்புதலா, சும்மா பேச்சு வழக்கா என்று இரு தரப்பும் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, பதினோரு பக்கத்துக்கு வாதம் எழுதினோம். அதற்கான பில்லும் டாலரில்தான் வந்தது.