பார் விலகினால் பாரம் ஏறும்

தரையில் இருக்கும் எடைக்கம்பியை (பார்) பிடித்து நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதுதான் டெட்லிஃப்ட். அதில் எடை ஏறாமல் நின்றுபோனால் முதுகில் வலு இல்லை என்றுதான் பலரும் முடிவுகட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பார் எங்கே இருக்கிறது என்பதை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். அதையே கைநீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது.

100 கிலோ பார் இடுப்பு மூட்டுக்கு 25 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் 4 செ.மீ. முன்னே போனால் பாரால் இடுப்பில் விழும் திருப்புத்திறன், அதாவது இடுப்பை முன்னே மடக்க இழுக்கும் சுமை, 16 சதவீதம் கூடும். பாரில் மாட்டிய எடைத்தட்டை (ப்ளேட்) மாற்றாமலே 116 கிலோ தூக்குகிற பாடு!

அதனால் பார் நடுப்பாதத்துக்கு நேர் மேலே, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் இருந்து 2-3 செ.மீ. தள்ளி இருக்கட்டும். குனிந்து பிடித்தபின், காலில் பார் படும்வரை முழங்காலை மடக்குங்கள். பாரை உருட்டக் கூடாது. அக்குளில் துண்டை இடுக்குவதுபோல் கைகளை விலாவோடு இறுக்கினால் பார் முன்னே ஓடாது. வயிறு நிறைய மூச்சிழுத்து அடக்குங்கள். அந்த அழுத்தம்தான் முதுகெலும்புக்கு முட்டு. வெடுக்கென்று இழுக்காமல், ப்ளேட்டில் 'டக்' என்று சத்தம் வரும்வரை பாரை இறுக்கிவிட்டு, பிறகு தரையைக் காலால் உந்துங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அது தலைக்கு மேல் தூக்கும் பளுதூக்குதல், வேறு விளையாட்டு. ஆனால் பாரை உடம்போடு ஒட்டி ஏற்றும் பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

சின்ன ஜிம்களில் அதிகம் நடக்கும் தவறு ப்ளேட்டின் அளவில் இருக்கிறது. போட்டி ப்ளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதில் பார் தரையில் இருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். விட்டம் குறைந்த 5, 10 கிலோ ப்ளேட் போட்டால் பார் தாழ்ந்து, புதியவருக்கு முதுகு வளைந்துவிடும். ப்ளேட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கத்திரி வெயிலில் கை வழுக்கும். முகப்பவுடர் போட்டால் இன்னும் வழுக்கும். மெக்னீசியம் கார்பனேட் சாக் தூள்தான் பிடி கொடுக்கும். மெத்தென்ற ஓட்ட ஷூவைவிட வெறுங்கால் மேல்.

புதியவர்கள் வாரம் ஒருநாள் ஐந்து முறை வீதம் மூன்று செட் செய்து, அத்தனையும் சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றலாம். தரையிலிருந்து கிளம்பவே திணறினால், எடையைக் குறைத்து, பார் தரையைவிட்டு எழுந்ததும் இரண்டு நொடி நிறுத்தித் தூக்கிப் பழகுங்கள். முழங்காலுக்கு மேலே திணறினால், முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளிப் பாரை இறக்கி ஏற்றும் ரொமேனியன் டெட்லிஃப்ட் செய்யுங்கள். முதுகிலிருந்து காலுக்கு மின்னல்போல் வலி இறங்கினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.