ரங்குப் பெட்டிக்குள் ஒரே பிரதி

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ல் கொளுத்தப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அச்சான புத்தகங்கள் பலவற்றைப் பிறகு வேறிடங்களில் தேடி வாங்க முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகள் போனது போனதுதான்.

தேயிலைத் தோட்டங்கள் உள்ள நம் மலையகத்தின் ஒரே பிரதிகள் நூலக அலுமாரியில் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவில், தகர ரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் இருக்கின்றன. 1977லும் 1983லும் நம் ஆட்களின் வீடுகளுக்குத் தீ வைத்தபோது அந்தப் பெட்டிகளும் எரிந்தன. அதை யாரும் நூலக எரிப்பு என்று சொல்வதில்லை. நூலகராக நான் அப்படித்தான் சொல்வேன்.

நம் சனத்துக்குக் காகிதம் உயிர் மாதிரி. 1948ல் பிரஜாவுரிமை பறிபோனது. அடுத்த வருடம் வந்த சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் 7 வருடம், மணமாகாதவராயின் 10 வருடம் இங்கேயே தொடர்ந்து வசித்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. காகிதத் துண்டு இல்லாதவர் எதைக் காட்டுவார்? இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, உறவுகள் அழுது வழியனுப்பிய ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் ஏறி இந்தியாவுக்குப் போன குடும்பங்களின் கதையும் இப்படிக் காகிதங்களில்தான் கிடக்கிறது.

ஒரு வயதான அம்மா, தகப்பனாரின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதில் கடிதத்தைப் பால்மா டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "இது புஸ்தகம் இல்லையே தம்பி, இங்க வச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். யன்னலோரம் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து, கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பகல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். பழைய கடதாசியை லெமினேட் பண்ணாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசையே எழுத்தைத் தின்றுவிடும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருடையது என்று எழுதி வையுங்கள். படத்தின் ஒரு பிரதி வேறு மாவட்டத்திலும் இருக்கட்டும். கலவரம் மட்டுமில்லை, மண்சரிவும் நம்மிடம் சொல்லிவிட்டு வருவதில்லை. அடையாள அட்டை இலக்கம் உள்ளதை மட்டும் இணையத்தில் போட வேண்டாம்.

பழைய சம்பளத் துண்டு, சங்கத்தின் சந்தா அட்டை, திருவிழா நோட்டீஸ், எதுவானாலும் கொண்டுவாருங்கள். காமன் கூத்துப் பாட்டு எழுதிவைத்த கொப்பி எந்த வீட்டிலாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே லயத்துக்கு வந்து படம் எடுக்கிறேன்.