புதுச் செயின் ஏன் நழுவுகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், கடன்பட்டு ஒரு கியர் சைக்கிள் வாங்கினாராம். அன்றிலிருந்து வேலைக்குப் போய்வருவது அதில்தான். அண்மையில் செயின் துருப்பிடித்துக் கரகரக்கத் தொடங்கவே, புதுச் செயின் ஒன்று வாங்கிப் போட்டார். தொல்லை அன்றே தொடங்கியது. எழும்பி நின்று உழக்கினால் பின்பக்கம் 'டக்'கென்று நழுவுகிறது. இரண்டு தடவை விழப் பார்த்தார். பழைய செயினைத் திரும்ப மாட்டினால் ஒரு நழுவலும் இல்லை. "கடைக்காரர் போலிச் செயினைத் தந்துவிட்டாரா? அம்மா நாவூறு என்கிறார். எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

கடைக்காரர் மேல் பிழையில்லை. நாவூறும் இல்லை. உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவதால் யாருக்கும் கேடு வரப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாவூறு என்று முடிவுகட்டிய உடனே தேடுவதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்காது. அந்தப் புதுச் செயின் அளவில் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதால்தான் நழுவுகிறது. அது எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு கண்ணிக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பெடலை மிதித்தால் முன்பக்கப் பற்சில்லு சுற்றுவதும், செயின் அந்த இழுவையைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவதும் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். செயினில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறிமாறி வரும். உள் கண்ணியில் இரண்டு தகடுகளை இரண்டு புஷ்கள், அதாவது சின்னக் குழாய்கள், இணைக்கின்றன. ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் ஓர் உருளை சுழல்கிறது. வெளிக் கண்ணியில் இரண்டு தகடுகளை இரண்டு ஆணிகள் இணைக்கின்றன. அந்த ஆணி பக்கத்து உள் கண்ணியின் புஷ்ஷுக்குள்ளே நுழைந்திருக்கிறது. ஆணிக்கு ஆணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அப்பாமார் ஓட்டிய பெரிய சைக்கிளிலும் இன்றைய கியர் சைக்கிளிலும் இதே அளவுதான்.

இந்த அமைப்பை 1880 இல் தந்தவர் ஹான்ஸ் ரெனோல்ட், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் தொழில் செய்த சுவிற்சர்லாந்துக்காரர். அதற்கு முந்திய செயின்களில் ஆணியின் மேல் மெல்லிய தகட்டின் ஓரம் மட்டுமே அழுத்தியது. கத்தி முனைபோல அது ஆணியை அறுத்துவிடும். ரெனோல்ட் இடையில் ஒரு புஷ்ஷை வைத்து, சுமையை ஆணியின் நீளமெல்லாம் பரப்பினார். ஐந்து வருடத்தில், 1885 இல், பின்சில்லைச் செயினால் ஓட்டும் ரோவர் சைக்கிள் வந்துவிட்டது. இன்று நாம் ஓட்டுவது அதன் வழித்தோன்றல்தான்.

சைக்கிள் கடைகளில் "செயின் இழுபட்டுப்போச்சு" என்பார்கள். நீளம் கூடுவது உண்மை, ஆனால் இரும்பு இழுபடவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பெடலில் முழு எடையோடு எழும்பி நிற்கிறார் என்று வையுங்கள். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 சென்ரிமீற்றர். 48 பல்லுள்ள முன் பற்சில்லின் ஆரை 9.7 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்கின்படி செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 105 கிலோ. நல்ல செயின் 800 கிலோ இழுவைக்கும் அறாது. ஆகவே உருக்குத் தகடு நிரந்தரமாக நீளும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீளம் வேறெங்கிருந்தோ வருகிறது.

என்னை எப்போதும் ஈர்க்கும் இடம் இதுதான். செயின் நேராக ஓடும்போது அதற்குள் எதுவும் தேய்வதில்லை. மடங்கும்போதுதான் ஆணி புஷ்ஷுக்குள் திரும்பி உராய்கிறது. கியர் இல்லாத சைக்கிளில், ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொரு மூட்டும் மடங்குவதும் நிமிர்வதுமாக நான்கு தடவை திரும்புகிறது. அவற்றில் இரண்டு கீழ்ப்பக்கம், தளர்ந்த செயினில் நடப்பவை. அவற்றால் பெரிய சேதமில்லை. மற்ற இரண்டும் மேல்பக்கம், முழு இழுவையில் நடப்பவை. பின் பற்சில்லை விட்டு விலகும்போது ஒன்று, முன் பற்சில்லில் ஏறும்போது மற்றது. 18 பல்லுச் சில்லில் மூட்டு 20 பாகை திரும்ப வேண்டும்; 48 பல்லுச் சில்லில் ஏழரைப் பாகை போதும். கியர் சைக்கிளின் 14 பல்லுச் சில்லில் அது 25 பாகையைத் தாண்டுகிறது. சின்னச் சில்லு செயினைத் தின்னும் என்று சைக்கிள்காரர்கள் சொல்வதன் காரணம் இந்தக் கோணம்தான்.

பெரிய சைக்கிள் ஒன்றில் செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர வண்டி ஏறத்தாழ 13 மீற்றர் போகிறது. அப்படியென்றால் ஒரு கிலோமீற்றருக்கு 75 சுற்று. ஒவ்வொரு மூட்டிலும் சுமையோடு 150 உராய்வு. நாளுக்கு 10 கிலோமீற்றர் உழக்குபவரின் செயினில் ஒவ்வொரு ஆணியும் ஒரு நாளில் 1500 தடவை தன் புஷ்ஷைச் சுரண்டுகிறது. ஒவ்வொரு சுரண்டலிலும் போவது கண்ணுக்குத் தெரியாத துணுக்கு. செயின் நூற்றுக்கு அரை வீதம் நீண்டுவிட்டது என்றால், ஒரு மூட்டில் தேய்ந்தது 0.06 மில்லிமீற்றர்தான். ஒரு தலைமயிரின் தடிப்பு. நூற்றுப்பத்து மூட்டுகளிலும் அந்த மயிரளவு சேரும்போது ஏழு மில்லிமீற்றர் ஆகிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உள் கண்ணியின் இரண்டு உருளைகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு தேய்ந்தாலும் மாறாது, ஏனென்றால் இரண்டு புஷ்களும் ஒரே தகட்டில் இறுகியிருக்கின்றன. கூடும் நீளமெல்லாம் வெளிக் கண்ணியின் பங்குக்கே வருகிறது, அதுவும் இரட்டிப்பாக. தேய்ந்த செயின் பற்சில்லில் ஏறும்போது ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை என்று தாளம் தப்பித்தான் ஏறுகிறது. கைவிரலால் தடவிப் பார்த்தால் இது தெரியாது.

சரி, எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக்கு வருவோம். கல்லடியிலும் நாவலடியிலும் வீட்டு வாசல்வரை கடல்மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிறவல் வீதிகளில் புழுதி எழும்பும். மார்கழி மழையில் அதே வீதி சேறாகும். மணலில் பெரும்பங்கு குவாட்ஸ். மோவின் கடினத்தன்மை அளவில் குவாட்ஸுக்கு 7. செயின் உருக்கு அநேகமாக அதற்குக் கீழேதான். ஒயில் பிசுக்கில் ஒட்டிய மணல் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையில் நுழைந்தால் அரம் வைத்து அராவியதுபோலத்தான். உப்புக் காற்று இன்னொரு எதிரி. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதற்கும் வெகு குறைந்த ஈரப்பதனிலேயே கரைந்துவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே நிறுத்திய சைக்கிளின் செயின் மழையில்லாத இரவிலும் நனைந்துதான் கிடக்கிறது. துருவும் சும்மா இருப்பதில்லை. பொன் வேலை செய்பவர்கள் மெருகேற்றப் பயன்படுத்தும் சிவப்புத் தூள் இரும்பு ஒட்சைட்டுதானே.

1999 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு ஓடும் சைக்கிள் செயினை அகச்சிவப்புக் கமராவால் படம் பிடித்து, எங்கே சூடு பிறக்கிறது என்று பார்த்தது. மிகச் சிறந்த நிலையில் 98.6 வீதச் சக்தி பின்சில்லுக்குப் போய்ச் சேர்கிறது என்று கண்டார்கள். சுத்தமான ஆய்வுகூடத்தில் ஒயில் போட்டதாலும் போடாததாலும் அந்த வீதம் பெரிதாக மாறவில்லை. ஆகவே ஒயிலின் முதல் வேலை உழக்குவதை இலேசாக்குவது அன்று. துருவையும் தேய்வையும் தடுப்பதுதான். அதற்கு அது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையிலான நூலளவு இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே மினுங்கும் ஒயில் மணலைப் பிடித்துவைப்பதற்குத்தான் உதவும். மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கிய கறுத்த ஒயிலை ஊற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. எஞ்சினில் தேய்ந்த இரும்புத் தூள் அதற்குள்ளேயே இருக்கிறது.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகங்களில் இப்படியொரு சின்ன ஆய்வைச் செய்யலாமே என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பத்துச் செயின், ஒரு நுண்தராசு, கடற்கரை மணலில் ஒரு வாளி. எங்கள் மணலிலும் உப்பிலும் எந்த ஒயில் எத்தனை நாள் தாங்கும், உருக்கிய மெழுகில் தோய்த்த செயின் அதைவிட நீடிக்குமா என்று ஒரு வருடத்துக்குள் சொல்லிவிடலாம். ஆய்வுப் பணம் பெரிய பெயர்களைத் தேடித்தான் போகிறது. விடியற்காலையில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவருக்கும், ஐந்து கிலோமீற்றர் உழக்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சைக்கிள்தான் வாகனம். அவர்களுக்குப் பயன்படும் கேள்வி சின்னக் கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

இனி வாசகரின் நழுவலுக்கு வருவோம். நீண்ட செயினின் உருளைகள் பல்லின் அடிக்குழியில் உட்கார முடியாமல் மேலேறி உட்காரும். பல பற்கள் பங்குபோட்ட சுமை ஒன்றிரண்டு பற்களின் மேல் விழும். அந்தப் பற்கள் ஒருபக்கமாக அரிபட்டு, சுறாச் செட்டைபோலச் சாய்ந்து கொக்கியாகின்றன. ஒன்றின் தேய்வுக்கு ஏற்ப மற்றதும் தேய்வதால் பழைய செயினும் பழைய சில்லும் சண்டையில்லாமல் ஓடும். அந்தச் சில்லில் சரியான 12.7 மில்லிமீற்றர் செயினைப் போட்டால் முதல் உருளை கொக்கிக்கு அடியில் ஆழமாகப் போய் உட்காருகிறது. பின்னால் வரும் உருளைக்கு அடுத்த கொக்கியின் நுனியைத் தாண்டி உள்ளே இறங்க நீளம் போதவில்லை. அது பல்லின் தலைமேல் ஏறி நிற்கிறது. நீங்கள் எழும்பி நின்று மிதித்ததும் 'டக்'கென்று வழுக்குகிறது.

அதனால் பின் பற்சில்லுகளையும் மாற்றத்தான் வேண்டும். செலவுதான், ஆனால் அடுத்த முறை இதைத் தவிர்க்கலாம். அங்குலக் கோடுள்ள பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று போதும். சைக்கிளில் இருக்கும் செயினை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். அந்த ஆணியை விட்டு எண்ணினால், 12 அங்குலத்தில் 24 ஆவது ஆணியின் நடு வர வேண்டும். அது மாகாணி அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றுங்கள், பற்கள் தப்பிவிடும். அரைக்கால் அங்குலம், அதாவது மூன்று மில்லிமீற்றர் தள்ளி நின்றால் பற்களும் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளலாம். கியர் சைக்கிள் செயினுக்கு 3000 முதல் 5000 கிலோமீற்றர் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் மணலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், மாதமொருமுறை அளந்து பாருங்கள்.

கியர் இல்லாத பெரிய சைக்கிளுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. அதன் செயின் நேர்கோட்டில் ஓடுகிறது, பற்சில்லு பெரியது, புஷ் முழுப் புஷ், பலவற்றில் செயின் கவரும் உண்டு. கியர் செயினில் தனிப் புஷ் கிடையாது; உள் தகட்டின் துளையோரத்தையே வளைத்துக் கழுத்தாக்கியிருப்பார்கள். பெரிய சைக்கிளில் பின்சில்லைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, செயினும் பல்லும் சேர்ந்தே தேயட்டும் என்று ஓடி முடிப்பதுதான் சிக்கனம் என்பது என் கணிப்பு.

வாசகருக்கு ஒரு வேலை சொல்லி எழுதினேன். இரண்டு செயினிலும் கண்ணிகளை எண்ணி, எண்ணிக்கை சமம்தானா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் சுவரில் அடித்த ஒரே ஆணியில் பக்கத்துப் பக்கமாகத் தொங்கவிட்டு, அடியில் பாருங்கள் என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டிலும் 112 கண்ணி. பழையது ஒரு விரலகலம் கீழே தொங்குகிறது. அம்மாவும் வந்து விரலை வைத்துப் பார்த்தாராம்.