அந்தக் கிழங்கு வெங்காயம் இல்லை

போன வாரம் இரவுப் பணியில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர். அப்பா, மகள், பாட்டி. மூவர் கையிலும் பிளாஸ்டிக் பை, நிற்காத வாந்தி. "வெளிய எதுவும் சாப்பிடல டாக்டர், வீட்டுச் சாம்பார்தான்."

அப்பாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. தாழ்வாரத்துத் தொட்டியில் பூத்து முடித்த அமரில்லிஸ் கிழங்கு இரண்டை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்திருந்தார். சிங்கப்பூரில் குளிர்காலம் ஏது, எட்டு வாரம் குளிரில் கிடந்தால் மறுபடி பூக்குமாம். வீட்டுக்கு போன் போட்டால், தட்டில் ஒன்றுதான் இருக்கிறதாம்.

இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது வீடு.

பாட்டி கேட்டார்: "அரை மணி நேரம் கொதிச்சுதேம்மா, விஷம் இருந்தா போயிருக்காதா?"

போகாது, பாட்டி. கொதிக்கவைத்தால் சாவது கிருமி. இதில் இருப்பது லைகோரின் என்ற நஞ்சு. கஷாயத்தை எதற்குக் காய்ச்சுகிறோம்? வேரில் இருப்பது தண்ணீரில் இறங்கத்தானே? சாம்பாரிலும் அதுதான் நடந்தது. மரவள்ளியை வேகவைத்து வடித்தால் நஞ்சு குறைகிறது, உண்மைதான். அதை வைத்து எல்லாக் கிழங்குக்கும் கணக்குப் போட்டுவிடுகிறோம். 2009-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் வைத்த சூப்பில் வெங்காயத்தோடு டாஃபடில் பூக்கிழங்கு விழுந்து, அவர்களும் மருத்துவமனைக்குத்தான் போனார்கள். அதுவும் கொதித்த சூப்தான்.

இவர்கள் டிரிப் ஏற்றிக்கொண்டு மறுநாள் மதியமே வீடு திரும்பினார்கள். செங்காந்தளாக இருந்திருந்தால் இவ்வளவு லேசாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வெளிநாட்டுக் கோடைப்பூ என்று குளோரியோசா பெயரில் பெட்டியில் வருவது நம் கண்வலிக்கிழங்கேதான். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று ஆசையாக வாங்குகிறோம். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. மண் ஒட்டியிருந்தால் சர்க்கரைவள்ளி என்றே நினைப்பீர்கள். உள்ளே கோல்கிசின் என்ற நஞ்சு. கௌட் என்ற மூட்டுவலிக்கு அதையே மருந்தாக, 0.5 மில்லிகிராம் மாத்திரையாக, அதையும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். கிழங்கைச் சாப்பிட்டால் முதலில் வாந்தி, பேதி. அது அடங்குகிற மாதிரி தெரியும்போது சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

பூக்கிழங்கைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டுமென்றால் மூடி போட்ட டப்பாவில், சமைப்பவர் படிக்கும் மொழியில் எழுதி வையுங்கள். உங்கள் பணிப்பெண் இந்தோனேசியர் என்றால் தமிழில் ஒட்டி என்ன பயன்? அப்புறம் அவரைத் திட்டுவது நியாயமே இல்லை. நறுக்கும்போது வெங்காய வாசனை வரவில்லையா, கை அரிக்கிறதா, கத்தியைக் கீழே வையுங்கள்.

சாப்பிட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கு, மிச்சக் குழம்பு எதையும் கொட்டாமல் கொண்டுவாருங்கள்; என்ன கிழங்கு என்று தெரிந்தால்தான் எனக்கு வேலை ஓடும். நம் பாட்டி சாம்பார்ச் சட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினாராம்.