பத்து விநாடி ஆயுள்

"சித்தப்பா, பேரல் ஒண்ணு மாத்தணும். எது நின்னு உழைக்கும்?"

டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டுக் கேட்டான். பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்த பேரல், ரோடு போடும் இடத்தில் தார் வருகிற பேரல்தான். அவன் கேட்டது துப்பாக்கிக் குழல். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும், அடுத்ததைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வகை ரைபிள் ஒன்றை உதிரிபாகம் உதிரிபாகமாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறான். வாரக்கடைசியில் மைதானத்துக்குப் போய்க் காகிதக் குறியைச் சுடுவான். இப்போது குறி சிதறுகிறதாம்.

அமெரிக்கச் சட்டத்தில் விசைப்பொறி உட்காரும் கூடுதான் 'துப்பாக்கி'. குழல் வெறும் உதிரிபாகம், சைக்கிள் டயர் மாதிரி தபாலில் வந்துவிடும். இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் உதிரிபாகமும் ஆயுதம்தான். தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமம் வைத்திருக்கும் பெரியவர்கள்கூட வீட்டுத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிற ஊர் நம்முடையது. எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் பாலிடெக்னிக்கில் உலோகத்தைச் சூடாக்குவதையும் குளிர்விப்பதையும் பாடமாக நடத்தியே காலத்தைக் கழித்தவன். "குழலுக்குள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புல, பாப்போம்" என்றேன்.

அனுப்பினான். குடலுக்குள் டாக்டர்கள் விடுவார்களே, அது போன்ற பென்சில் கனத்துக் கேமரா. படத்தைப் பார்த்ததும் எனக்கு மானூர் பெரிய குளம்தான் நினைவுக்கு வந்தது. மழை பொய்த்த வருஷத்தில் சித்திரை மாதம் குளத்துக்குள் இறங்கினால் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குழலின் உட்சுவர் அச்சு அசலாக அப்படி இருந்தது. விநோதம் என்னவென்றால், வெடிப்பு முழுக்க ஒரு முனையில்தான். தோட்டா உட்காரும் அறையை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டர், அதாவது குழலின் தொண்டை. மறுமுனையில் உலோகம் புதுசு போல மின்னியது.

தோட்டா உரசித்தான் குழல் தேய்கிறது என்று நாம் நினைப்போம். உரசல் மட்டும் காரணமென்றால் குண்டு மிக வேகமாகப் போகும் வாய்ப்பக்கம்தான் முதலில் தேய வேண்டும். பெரிய எதிரி சூடு. அவன் வைத்திருக்கும் 5.56 மில்லிமீட்டர் ரகத்தில் ஒரு தோட்டாவுக்குள் ஏறத்தாழ 1.7 கிராம் வெடிமருந்து இருக்கிறது. அரை டீஸ்பூன்கூட வராது. அது எரியும்போது தொண்டையில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 3,500 மடங்குக்கு மேல் ஏறும். வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுத்த இரும்பு 1,538 டிகிரியில் உருகும். அப்படியானால் குழல் ஏன் முதல் வெடியிலேயே உருகி ஓடவில்லை? நேரம் போதாததால். குண்டு குழலுக்குள் இருப்பது சுமார் ஒரு மில்லி விநாடிதான். அடுப்பின் மேல் விரலைச் சட்டென்று வீசி எடுத்தால் சுடாதது போல.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழல் பத்தாயிரம் தோட்டா தாங்கினால் நல்ல உழைப்பு என்பார்கள். பத்தாயிரம் மில்லி விநாடி என்பது பத்து விநாடி. வருஷக்கணக்காக எண்ணெய் தடவிப் பாதுகாக்கும் ஒரு பொருள், மெய்யாக வேலை செய்வது மொத்தம் பத்தே விநாடி!

அந்த ஒவ்வொரு மில்லி விநாடியிலும் தொண்டைச் சுவரின் மேல்தோல், தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம், ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் போய்வருகிறது. சுமார் 730 டிகிரிக்கு மேல் எஃகின் அணு அடுக்கே மாறிவிடும். வெடி முடிந்ததும் பின்னால் இருக்கும் குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுவதால் மேல்தோல் நொடியில் குளிர்ந்து கண்ணாடி மாதிரி விறைக்கிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிற அதே காரியம், ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு தடவை. தோல் விரிய நினைக்கும்போது உள்ளுடம்பு விடாது, சுருங்கும்போதும் விடாது. ஆயிரம் தடவை இழுபறி நடந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு மேல் ஒரு உள்குத்தும் உண்டு. எரிந்த மருந்துப் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய. அதிலிருக்கும் கரி சூடான இரும்புக்குள் ஊறுகிறது. கரி போதுமான அளவு ஊறிய இரும்பு 1,147 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சுத்த இரும்போடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 400 டிகிரி குறைவு. உப்பைத் தூவினால் ஐஸ் சீக்கிரம் உருகுகிற கதைதான். வெடிப்புக்குள் புகுந்த வாயு ஓரங்களை அரித்து, பாளத்தைப் பெயர்த்து, குண்டோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது.

பிரிட்டிஷ் ராணுவம் இதைப் பட்டுத்தான் படித்தது. 1888-இல் வந்த லீ மெட்ஃபோர்டு துப்பாக்கியின் குழலுக்குள், குண்டைச் சுழற்றி அனுப்புகிற வரிப்பள்ளங்கள் ஆழமில்லாமல், முனை மழுங்கி, வழவழவென்று இருந்தன. கருமருந்துக் கசடு ஒட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. பிறகு மருந்தை மாற்றிக் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைப் போட்டார்கள். புகை இல்லை, கசடும் குறைவு. ஆனால் சூடு தாங்கவில்லை. மேலோட்டமான பள்ளங்கள் மளமளவென்று மறைந்தன. 1895-இல் ஆழமான ஐந்து பள்ளங்களோடு லீ என்ஃபீல்டு வந்தது. நம்மூர்க் காவலர்கள் தோளில் வெகுகாலம் தொங்கிய 'திரீ நாட் திரீ' அந்த வம்சம்தான். கார்டைட்டில் ஆரம்பத்தில் 58 சதவீதம், சூட்டைக் கூட்டுகிற நைட்ரோகிளிசரின் இருந்தது. குழல் அரிப்புக்குப் பயந்து அதைப் பின்னால் 30 சதவீதமாகக் குறைத்தார்கள். நீலகிரியில் அருவங்காட்டு ஆலை இந்தக் கார்டைட்டைச் செய்வதற்காக எழும்பியதுதான்.

சரி, எது நின்னு உழைக்கும்? இதற்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் வருவதற்கு முன்பே பட்டறையில் கிடைத்திருந்தது. பேட்டைப் பக்கம் எனக்கு வாடிக்கையான ஆசாரி ஒருவர் இருக்கிறார். தென்னைமட்டை வெட்டுகிற அரிவாளுக்கு வாய் போய்விட்டது; தட்டிக் கொடுக்கச் சொல்லலாம் என்று போனேன். லாரி கமான் பட்டையில் அடித்த அரிவாள். உலையில் பழுத்ததும் அவர் முழு அரிவாளையும் தண்ணீரில் போடவில்லை. வாயை மட்டும் விரற்கடை ஆழத்துக்கு முக்கினார். முதுகு சிவப்பாகவே வெளியே நின்றது. தூக்கிக் கல்லில் ஒரு தேய் தேய்த்துப் பளபளப்பாக்கினார். முதுகுச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி, வெள்ளை மஞ்சளாகி, வைக்கோல் நிறம் வந்ததோ இல்லையோ, மறுபடி தண்ணீரில் ஒரே முக்கு.

"முழுசாத் தோய்ச்சா என்ன அண்ணாச்சி?"

"வெறச்சுப் போவும் சார்வாள். ஒரு முடிச்சுல பட்டா படக்குன்னு ரெண்டாப் போயிரும். வாய் வெறைக்கணும், முதுகு வளையணும்."

குழல் செய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள், உள்வெளி மாற்றி. உடம்பு 3,500 காற்றழுத்தத்துக்கு விரிந்து சுருங்கி, உடையாமல் நிற்க வேண்டும். தோல் சூட்டையும் உரசலையும் தாங்க வேண்டும். ஒரே எஃகால் இரண்டும் முடியாது.

உடம்புக்கு எடுப்பது குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் கலந்த எஃகு. நம் லேத் பட்டறைகளில் 'இ.என். 19' என்று கேட்டு வாங்குவார்களே, அமெரிக்காவில் அதன் கூடப்பிறந்தது 4140. இன்னும் சற்றுக் கரி கூடியது 4150. ராணுவக் குழல்களுக்கு இந்தக் குடும்பம்தான். துருப்பிடிக்காத எஃகிலும் குழல் உண்டு. நுணுக்கமாகக் கடைய வரும் என்பதால் போட்டிச் சுடுநர்களுக்கு அது பிடிக்கும். நீண்ட ஆயுள்தான் முக்கியம் என்றால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

தோலுக்கு இரண்டு வழி. முதல் வழி குரோம் பூச்சு. பைக் சைலன்ஸரில் பார்க்கும் அலங்காரப் பூச்சு இல்லை இது. கடினக் குரோமியம், குழலின் உட்சுவரில் 10 முதல் 25 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குரோமியத்தின் உருகுநிலை 1,907 டிகிரி. எஃகை எங்கேயோ விட்டுவிட்டது. கரியும் எளிதில் ஊறாது, துருவும் அண்டாது. வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்16 ரைபிள் மழைக்காட்டு ஈரத்தில் அறை துருப்பிடித்து, வெடித்த தோட்டாக்கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டு உயிர்களை வாங்கியது. புதிய மருந்து விட்ட கசடும் அதற்கு ஒரு காரணம். 1967-இல் அறைக்குக் குரோம் பூசினார்கள், பிறகு குழல் முழுக்க. ஆரம்பத்தில் பூச்சை விட்டுவிட்டதற்குக் கொடுத்த விலை அது. உப்புக்காற்றில் தூத்துக்குடிக் கேட்டுக் கம்பிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

குரோமுக்கும் குறை இருக்கிறது. சூடானால் எஃகு விரிகிற அளவில் பாதிதான் குரோமியம் விரியும். பூசும்போதே அதில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும்; அவை வழியாக வாயு இறங்கி அடியில் எஃகை அரித்தால், மேலே பூச்சு சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொருக்கு விட்டு உதிரும். அதோடு, நீண்ட குறுகிய துளைக்குள் மின்பூச்சு எங்கும் ஒரே கனத்தில் ஏறுவது கஷ்டம். ஓரிடத்தில் ஐந்து மைக்ரான் கூடினாலும் குண்டுக்குத் தெரியும். பூச்சுத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு என்பது தனிக் கதை. ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் குரோமியம் கலந்த நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்வார்கள்.

இரண்டாவது வழி நைட்ரைடிங். இதில் வெளியிலிருந்து எதையும் பூசுவதில்லை. ஏறத்தாழ 580 டிகிரியில் உருகிய உப்புக் குழம்புக்குள் குழலை முக்கினால் நைட்ரஜனும் கொஞ்சம் கரியும் எஃகுக்குள்ளேயே ஊறி, தோல் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடினமாகிவிடும். கோயம்புத்தூர்ப் பக்கம் கிராங்க் ஷாஃப்டுக்கு 'டஃப்ட்ரைடிங்' என்று செய்வார்களே, அதே வேலை. ஊறியது என்பதால் உதிராது. அளவும் அநேகமாக மாறாது. உள்ளே வெளியே இரண்டு பக்கமும் துருவுக்கு எதிராகக் கவசம். குரோமோடு ஒப்பிட்டால் இதன் பலவீனம் ஒன்றுதான், தொடர்ந்த கடுஞ்சூடு. குழலே செய்முறைச் சூட்டை நெருங்கிவிட்டால் அந்தத் தோலின் கடினம் தளரும். சில இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அதனால்தான் குரோமையும் தாண்டி, கோபால்ட்டும் குரோமியமும் கலந்த ஸ்டெல்லைட் உறையைத் தொண்டையில் செருகுகிறார்கள். லாரி எஞ்சினில் புகை வால்வின் முகத்துக்குப் பற்றவைக்கும் அதே ஸ்டெல்லைட்.

ஆகவே பட்டறையிலிருந்தே போன் போட்டு அவனிடம் நான் திருப்பிக் கேட்டது, "எவ்வளவு வேகமாச் சுடுத?" என்பதைத்தான். தோராயமாகப் பார்த்தால் 1.7 கிராம் மருந்தில் ஆறு கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல் ஆற்றல். அதில் நாலில் ஒரு பங்கு குழலுக்குள் இறங்குகிறது என்று வைத்தால், ஒரு கிலோ எஃகு தோட்டாவுக்கு மூன்று டிகிரி சூடாகும். ஒரு பெட்டியிலுள்ள முப்பது தோட்டாவையும் மடமடவென்று சுட்டால் நூறு டிகிரி கூடிவிடும். நாலைந்து பெட்டி இப்படிக் காலியானால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு வெடியும் மேல்தோலை ஏற்கெனவே காய்ந்த நிலையிலிருந்து இன்னும் மேலே தூக்கும். நிறுத்தி நிதானமாகச் சுடுகிறவனின் குழலும், வெறி பிடித்தவன் போலச் சுடுகிறவனின் குழலும் ஒரே கடையில் வாங்கியதானாலும் ஒரே நாளில் சாகாது. கனமான குழல் தாமதமாகச் சூடாகும் என்பதும் இதே கணக்குத்தான்.

அவன் மாதத்துக்கு இருநூறு தோட்டா சுடுவானாம். பத்து சுட்டுவிட்டுக் குறியைப் பார்க்க நடந்து போவானாம். "அப்ப ஒனக்கு 4150 எஃகு, நைட்ரைடிங் போதும்ல. பொழியிற மாதிரி சுடுதவனுக்குத்தான் குரோம்" என்றேன். வாங்குவதற்கு முன் வாயுத் துளை எங்கே இருக்கிறது என்றும் பார்க்கச் சொன்னேன். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குக் குழலில் ஒரு சிறு துளை போட்டு வாயுவைத் திருடுகிறார்கள் அல்லவா? அந்தத் துளை அறையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால் அங்கே அழுத்தமும் சூடும் மிக அதிகம். துளையின் ஓரம் சீக்கிரம் அரித்து அகலமாகும், பொறியும் படபடவென்று அடித்துக்கொள்ளும். 25, 33 என்று தள்ளிப்போகப் போக எல்லாமே சாந்தமாகும். இதை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. மாட்டுவதை மட்டும் அளவுகோல் வைத்திருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். அறையின் ஆழம் பிசகினால் கூடு முகத்துக்கு நேரே வெடிக்கலாம்.

போனை வைக்கும்போது பட்டறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆசாரி துருத்தியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"எதைச் சார்வாள் சுடுதான் தம்பி? பன்னியா?"

"காகிதத்த அண்ணாச்சி. வட்டம் போட்ட காகிதம்."

கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்து, கட்டைவிரலால் வாயைத் தடவி, பக்கத்தில் கிடந்த பேப்பரைத் தூக்கிப் பிடித்து ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்துக் காட்டினார். "முன்னூறு ரூவா ஆச்சு" என்றார்.