கவுன்சலிங்: பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். காலையில் முதல் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுவான். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "கூப்பிட்டுக் கொஞ்சம் கவுன்சலிங் குடுங்க சார்" என்றார்கள். நான் தமிழாசிரியர். மதிய இடைவேளையில் அவனைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்காரவைத்து, "உனக்குக் கவுன்சலிங் தரச் சொல்லியிருக்காங்க தம்பி" என்று ஆரம்பித்தேன். அவன் முழித்தான். "சார், அது எங்க அண்ணன் இன்ஜினியரிங் சேரப் போனானே, அதுவா? நான் எட்டாவதுதானே?"

அவன் கேட்டதில் தவறே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கவுன்சலிங் என்றால் பொறியியல் சேர்க்கைதான். தரவரிசை, கல்லூரிப் பட்டியல், இடம் ஒதுக்கீடு. ஆசிரியர் வீடுகளில் அதே சொல்லுக்குப் பணியிட மாறுதல் என்று பொருள். இரண்டையும் அரசு அறிவிப்புகள் 'கலந்தாய்வு' என்று எழுதுகின்றன. கலந்து பேசி ஆய்ந்து முடிவெடுப்பது என்ற அளவில் அந்த வேலைக்கு அது பொருத்தமான சொல். ஆனால் மனம் கனத்துப்போன ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதற்குக் கலந்தாய்வு என்று பெயர் வைத்தால், எந்தப் பிள்ளையும் அந்த அறைக்குள் வராது.

மூன்றாவதாக ஒரு பொருளும் புழக்கத்தில் இருக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அதுதான். 'கவுன்சலிங் கொடுத்தோம்' என்று பள்ளியில் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்பினோம் என்று அர்த்தம். 'கொடு' என்ற வினையைக் கவனியுங்கள். பெரியவர் கொடுக்கிறார், சின்னவர் வாங்கிக்கொள்கிறார். அடி கொடுப்பது, டோஸ் கொடுப்பது, கவுன்சலிங் கொடுப்பது எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

இந்தப் பொருள் நம் ஊரில் புதிதாக ஒட்டியதும் இல்லை, சொல்லின் பிறப்பிலேயே இருப்பது. லத்தீனில் 'கன்சிலியம்' என்றால் கூடி யோசிப்பது, யோசித்துச் சொல்லும் அறிவுரை. அது பழைய பிரெஞ்சில் 'கன்செய்' ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் 'கவுன்சல்' ஆயிற்று. வழக்கறிஞரை ஆங்கிலத்தில் இன்றும் அந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். படிப்போடும் இளைஞர்களோடும் இது சேர்ந்தது அமெரிக்காவில். 1908-இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று வழிகாட்ட ஓர் அலுவலகம் தொடங்கினார். பள்ளிகளில் வழிகாட்டுநர் என்று ஒருவர் இருக்கும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம்.

அப்புறம் 1942-இல் கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 'கவுன்சலிங்கும் உளச்சிகிச்சையும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சொல்லின் பொருள் அங்கே ஏறத்தாழத் தலைகீழாகிறது. வந்தவருக்கு வழி சொல்வது கேட்பவரின் வேலை இல்லை. குற்றம் சொல்லாமல், அவசரப்படாமல், முழு மனதோடு கேட்டால் வந்தவரே தன் வழியைக் கண்டுகொள்வார் என்பது அவர் முன்வைத்த பார்வை. ஆங்கிலச் சொல் அதே உருவத்தில் இருக்க, உள்ளிருந்த 'அறிவுரை' விலகி 'கேட்டல்' குடியேறியது. நாம் கடன் வாங்கியது சொல்லின் உருவத்தை. பொருளில் பழையதே நம் கைக்கு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆலோசனை' என்றால் மறுபடி அறிவுரைப் பக்கமே இழுக்கிறது. 'மனநல ஆலோசனை' என்று நீட்டி எழுதினாலும் சட்ட ஆலோசனை, வரி ஆலோசனை வரிசையில்தான் அது நிற்கும்.

இலங்கைத் தமிழர்கள் இதில் நமக்கு முன்னால் போயிருக்கிறார்கள். அங்கே 'உளவளத்துணை' என்கிறார்கள். அதைச் செய்பவர் உளவளத்துணையாளர். உளநலம், உளமருத்துவம், உளசமூகப் பணி என்று 'உள' அடியில் ஒரு சொற்குடும்பமே அங்கு வளர்ந்திருக்கிறது. நாம் மன அழுத்தம் என்பதை அவர்கள் நெருக்கீடு என்பார்கள். போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட மண்ணில், இந்தச் சொற்கள் அன்றாடத் தேவைக்குப் புழங்கித் தேறியவை. உளவளத்துணை என்ற சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் 'துணை'. துணைக்கு வருபவர் மேலே நின்று பேசுவதில்லை, பக்கத்தில் நடக்கிறார்.

தமிழ்நாட்டில் நம் கைவசம் இருக்கும் சொல் 'ஆற்றுப்படுத்தல்'. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆள் எடுக்க விளம்பரம் செய்யும்போது 'ஆற்றுப்படுத்துநர்' என்றுதான் பதவியின் பெயரைப் போடுகிறது. அதாவது அரசாணைத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது, ஆசிரியர் அறைக்குள்தான் இன்னும் வரவில்லை.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறு என்றால் வழி. ஆறு என்பதோடு படு, படுத்து சேரும்போது றகரம் இரட்டித்து ஆற்றுப்படு, ஆற்றுப்படுத்து என்று ஆகிறது. ஆற்றுப்படுத்தல் என்றால் வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் சொல்லும் இடம் அருமையானது: "ஆற்றிடைக் காட்சி உறழத் தோன்றிப் பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ". நடுவழியில் இரண்டு பேர் எதிர்ப்படுகிறார்கள். ஒருவன் பரிசில் பெற்றுத் திரும்புகிறான், மற்றவன் பசியோடு வருகிறான். நேற்றுவரை அவனும் இவனைப்போல வாடியவன்தான். பேச்சு நடப்பது வள்ளலின் வாசலில் இல்லை, தெருவில், சமமாக நின்று. மலைபடுகடாத்தில் வழி சொல்பவன் வழியின் இனிமையை மட்டும் சொல்லி நிறுத்துவதும் இல்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்று ஆபத்தையும் சேர்த்தே சொல்கிறான்.

வேறுபாடு ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆற்றுப்படைப் புலவன் 'இன்ன இடத்துக்குப் போ' என்கிறான். இன்றைய ஆற்றுப்படுத்துநர் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் நடக்க வேண்டியவன் எதிரே நிற்பவன்தான் என்பது இரண்டு இடத்திலும் ஒன்று.

இனி அந்தச் சொல் காதில் விழும்போது நமக்குக் கேட்கும் இன்னொரு ஒலி: ஆற்றுதல். இலக்கணப்படி இது வேறு சொல். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசு ஆறவில்லை. டீக்கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்தி ஊற்றி ஆற்றுகிறாரே, அதே ஆற்றுதல். அவர் அதில் எதையும் சேர்ப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. காற்றுப்படும்படி கொஞ்ச நேரம் கொடுக்கிறார். கலித்தொகையின் நெய்தற்கலி ஒரே வரியில் சொல்லிவிட்டது: "ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்". அலந்தவர் என்றால் துன்பத்தில் கலங்கிப்போனவர். வழி என்ற பொருளும் ஆறுதல் என்ற ஒலியும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருப்பது தமிழுக்குக் கிடைத்த கொடை என்றே நினைக்கிறேன்.

கூடவே 'மனநலம்' பற்றியும் ஒரு வார்த்தை. இது புதுச்சொல் என்று நினைக்கிறோம். குறளில், சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில், "மனநலம் மன்னுயிர்க் காக்கம்" என்று வருகிறது. அங்கே அது மனத்தின் நற்பண்பைக் குறிக்கிறது, நோயற்ற மனநிலையை இல்லை. இரண்டையும் குழப்பினால், மனநலம் குன்றிய பிள்ளையைக் குணம் கெட்ட பிள்ளையாகப் பார்ப்பதில் கொண்டுபோய் விடும். பல வகுப்பறைகளில் நடப்பதும் அதுவே. ஆனால் அடுத்த குறள் நமக்கு உதவும்: மனநலம் நன்றாக உடையவர்க்கும் இனநலம் ஏமாப்பு, அதாவது சுற்றியிருப்பவர்களின் நன்மை ஒரு காவல். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அந்தச் சுற்றம் நாம்தான்.

தேவை எவ்வளவு என்று ஒரு கணக்கு. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. 40 பேர் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் என்ற அளவுக்குப் போகாமல், வீட்டுக் கஷ்டத்தால் வாடும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் வைத்தவருக்கு நல்ல காது. 'புகார்ப் பெட்டி' என்று எழுதியிருந்தால் போட நினைக்கும் கை தயங்கும். 14417 கல்வி உதவி எண்; 1098 குழந்தைகளுக்கானது; 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இவற்றைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்தால் போதும், பிள்ளைகள் நாம் பார்க்காதபோது குறித்துக்கொள்வார்கள்.

ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர், மனநல மருத்துவர் மூவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். மருந்து எழுதுபவர் மருத்துவர் மட்டும். ஆசிரியர் இந்த மூவரில் ஒருவரும் இல்லை, ஆனால் முதலில் கண்ணில் படுபவர் அவர். கேட்கும் ஆசிரியர் ஒன்றை மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது: 'யாரிடமும் சொல்ல மாட்டேன்'. பிள்ளைமீது பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். 'உன் பாதுகாப்புக்குத் தேவை என்றால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். அன்று கவுன்சலிங் என்ற சொல்லை விட்டுவிட்டு, "சும்மா உக்காரலாம்" என்றேன். இரண்டு நாள் அவன் ஒன்றும் பேசவில்லை, கல்லை எடுத்துத் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சொன்னான். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். வீட்டில் அப்பத்தாவும் அவனும்தான். "ராத்திரி அப்பத்தாவுக்கு இருமல் வந்தா எந்திரிச்சு வெந்நீர் வச்சுக் குடுக்கணும் சார். அப்புறம் தூக்கம் வராது. அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

அப்பத்தாவைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடானது. ஒரு மாதம் கழித்து வகுப்புத் தோழன் ஒருவனை இழுத்துக்கொண்டு அவனே என் முன்னால் வந்து நின்றான். கவுன்சலிங் என்றும் சொல்லவில்லை, ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்லவில்லை.

"சார், இவன் பேசணுமாம்."