ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால்: தேர்தல் கால வாகனச் சோதனையும் பறிமுதலான பணத்தைத் திரும்பப் பெறும் வழியும்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் முதலில் மாறுவது சாலைதான். ஆரல்வாய்மொழி, களியக்காவிளை போன்ற நுழைவாயில்களில் தடுப்புகள் வைக்கப்பட்டு, சாலையோரப் பந்தலின் கீழ் ஓர் அதிகாரியும் இரண்டு மூன்று போலீசாரும், வீடியோ கேமராவுடன் ஓர் இளைஞரும் காத்திருப்பதைப் பார்க்கலாம். வேட்பாளர் யார் என்று தெரியும் முன்பே, தோவாளைப் பூ வியாபாரிக்கும், குளச்சல் மீன் ஏலக்காரருக்கும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்குபவருக்கும், திருவனந்தபுரம் மருத்துவமனைக்குப் புறப்படும் நோயாளியின் வீட்டாருக்கும் கையில் எவ்வளவு பணம் கொண்டுபோகலாம் என்ற கவலை வந்துவிடுகிறது. 50,000 ரூபாய்க்கு மேல் போனால் பணம் போய்விடும் என்பதே பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட பதில். அது பாதி சரி; மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலரும் அவதிப்படுகிறார்கள்.

சொந்தப் பணத்தை இவ்வளவுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்று தடுக்கும் சட்டம் எதுவும் தேர்தல் காலத்திலும் இல்லை. நடைமுறையில் இருப்பது, அரசமைப்புச் சட்டத்தின் 324-ஆவது பிரிவு தரும் அதிகாரத்தின்கீழ் தேர்தல் ஆணையம் வகுத்திருக்கும் செயல்முறை விதிகள். வேட்பாளரையோ அவருடைய முகவரையோ கட்சிக்காரரையோ ஏற்றிவரும் வாகனத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தாலோ, வாக்காளர்களைக் கவர்வதற்காக 10,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பரிசுப் பொருள்கள் இருந்தாலோ அவற்றைப் பறிமுதல் செய்யலாம் என்பதே அந்த விதிகளின் சாரம். அதாவது விதியின் குறி அரசியல் பணம்தான். ஆனால் சாலையில் நிற்கும் குழுவுக்கு வண்டியில் வருபவர் கட்சிக்காரரா, கருவாட்டு வியாபாரியா என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது என்பதால், தகுந்த ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் வைத்திருக்கும் எவரிடமிருந்தும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, பிறகு விசாரிப்பது என்பதே தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்தக் கெடுபிடிக்கு நம் மாநிலம் தேடிக்கொண்ட காரணங்களும் உண்டு. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகவே தேர்தல் நிறுத்தப்பட்டது. அந்தப் பெயருக்கான விலையை இன்று பூக்கூடைக்காரரும் சேர்ந்தே கொடுக்கிறார்.

சோதனை செய்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பறக்கும் படை, புகார் வந்த இடத்துக்கு விரைந்து செல்லும் குழு. அது தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் இயங்கும். நிலையான கண்காணிப்புக் குழு ஒரே இடத்தில் நின்று வாகனங்களைச் சோதிக்கும். வேட்புமனுத் தாக்கலுக்கான அறிவிக்கை வெளியாகும் நாளிலிருந்து அது சாலைக்கு வரும். இரண்டு குழுக்களிலும் நிர்வாக நடுவர் அதிகாரமுள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பதும், சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்பதும், பெண்களின் கைப்பையையோ உடலையோ பெண் அதிகாரி மட்டுமே சோதிக்கலாம் என்பதும் விதி. வீடியோ எடுக்கிறார்களே என்று சங்கடப்பட வேண்டியதில்லை. பிறகு பணத்தை மீட்க வேண்டி வந்தால் அந்தப் பதிவு நமக்கும் சாட்சி.

என்னென்ன காகிதம் வேண்டும்

மூன்று கேள்விகளுக்கு விடை தரும் காகிதங்கள் இருந்தால் பெரும்பாலும் போதும். நீங்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது, எதற்காகப் போகிறது என்பவையே அந்தக் கேள்விகள். முதலாவதற்கு ஆதார் அல்லது வாக்காளர் அடையாள அட்டை உண்டு. இரண்டாவதற்கு, வங்கியில் எடுத்த பணமென்றால் எடுத்த நாள் பதிவான பாஸ்புக் அல்லது ஏ.டி.எம். சீட்டும், விற்ற பணமென்றால் விற்பனை ரசீதும் வேண்டும். மூன்றாவதற்குத்தான் நம் ஊரில் சிக்கல் வருகிறது, ஏனென்றால் இங்கே பாதி வியாபாரம் வாய்ச்சொல்லிலும் துண்டுச்சீட்டிலும் நடக்கிறது.

தோவாளையில் விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லியும் எடைபோட்டு விற்று முடிந்துவிடும்; கேரளத்துக்குப் பூ அனுப்புபவர் ஒரே காலையில் பலரிடம் வாங்கி, பலருக்கும் கைமேல் கொடுப்பார். தேங்காய்ப்பட்டணத்திலோ சின்னமுட்டத்திலோ படகு கரை சேர்ந்ததும் ஏலம் நடந்து, டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள்; அந்தப் பணத்துக்கு அச்சடித்த பில் எங்கே இருக்கும்? இத்தகையவர்கள் தேர்தல் முடியும் வரையிலாவது, கமிஷன் கடை அல்லது ஏலக்காரரிடமிருந்து தேதி, எடை, தொகை, வாங்கியவர் பெயர் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பதிவுச் சான்றின் நகலையும் அன்றைய கொள்முதல் பில்லையும் வண்டியிலேயே வைத்திருக்கலாம். முதலாளிக்காகப் பணம் கொண்டுபோகும் கடைப் பையன்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கடையின் பெயர் அச்சிட்ட தாளில் இன்னார் இன்ன தொகையுடன் இன்ன இடத்துக்குச் செல்கிறார் என்று நான்கு வரி எழுதிக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

கல்யாண வீட்டார் அழைப்பிதழையும் நகைக்கடை பில்லையும் உடன் வைத்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் புற்றுநோய் மையத்துக்கோ ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கோ போகிறவர்கள், மருத்துவமனை அட்டையையும் அறுவைச் சிகிச்சைக்கான செலவு மதிப்பீடு எழுதிய சீட்டையும் எடுத்துச் செல்லலாம். முடிந்தவரை ரொக்கத்தைக் குறைத்து வங்கி வழியாகக் கட்டுவது இன்னும் நல்லது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் தொகையை வங்கியிலிருந்து எடுத்து வரும் பெண்கள் தீர்மானப் புத்தகத்தையும் குழுவின் பாஸ்புக்கையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கடந்த இரண்டு மாதங்களில் அப்படிப்பட்ட வரவுசெலவே இல்லாத கணக்கில் திடீரென்று 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போட்டாலோ எடுத்தாலோ வங்கிகள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் தேர்தல் காலத்தில் உண்டு. தெரிவிப்பதாலேயே பணம் முடங்கிவிடாது. கேட்டால் காரணம் சொல்லத் தயாராக இருந்தால் போதும்.

தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் வழி வேறு. குற்றம் நடந்ததாகவோ கட்சித் தொடர்பு இருப்பதாகவோ சந்தேகம் இல்லாதவரை, கண்காணிப்புக் குழு அந்தப் பணத்தைத் தானாகப் பறிமுதல் செய்யக் கூடாது. வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும். இதே விதிகளில் இன்னொரு வரியும் இருக்கிறது: நட்சத்திரப் பேச்சாளர் தம் சொந்தச் செலவுக்காக 1 லட்சம் ரூபாய் வரை வைத்திருந்தால் பறிமுதல் இல்லை. மீன் ஏலக்காரருக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன்.

பணத்தை எடுத்துவிட்டால்

2024 மக்களவைத் தேர்தலின்போது, ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் வாங்கி விற்கும் என் உறவினர் ஒருவர் மார்த்தாண்டத்திலிருந்து திரும்பும் வழியில் நிறுத்தப்பட்டார். ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் பழைய துணிப்பையில் 1,12,000 ரூபாய் இருந்தது. ஷீட் போட்ட சிறு தோட்டக்காரர்களுக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய பணம். யாருக்கு எவ்வளவு எடை, எவ்வளவு தொகை என்று பென்சிலால் எழுதிய நோட்டு வீட்டில் கிடந்தது. பணத்தை எண்ணி, படம் எடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ரசீதைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டதை நம்பி அவர் கிளம்பிவிட்டார். அந்த ஒரு தாளுக்காக அடுத்த இரண்டு நாள் அவர் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் அலைந்தார். தாள் கைக்கு வந்தபின், நோட்டையும் பாஸ்புக்கையும் ஷீட்டை வாங்கிய கம்பெனியின் பில்லையும் காட்டியதும், பணம் இரண்டாவது வாரத்தில் திரும்பிவந்தது. தோட்டக்காரர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொன்னதுதான் இழப்பைவிடப் பெரிய வேதனை என்று இப்போதும் சொல்வார்.

ஆகவே பறிமுதல் ரசீதைக் கையில் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தொகை, நோட்டுகளின் எண்ணிக்கை, இடம், நேரம் ஆகியவை அதில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். மேல்முறையீடு எப்படிச் செய்வது என்பது பறிமுதல் ஆவணத்திலேயே குறிக்கப்பட வேண்டும் என்பதும், அதை அப்போதே வாயாலும் சொல்ல வேண்டும் என்பதும் ஆணையத்தின் உத்தரவு. எழுதப்படாமல் இருந்தால் பணிவாகக் கேட்டு எழுதி வாங்கலாம்.

அந்த மேல்முறையீட்டைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அதிகாரிகளைக் கொண்ட குறைதீர் குழு அமைக்கப்படுகிறது. ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர் நிலையிலான ஓர் அதிகாரி, தேர்தல் செலவினக் கண்காணிப்புக்குப் பொறுப்பான அதிகாரி, மாவட்டக் கருவூல அலுவலர் ஆகியோர் அதில் இருப்பார்கள். செலவினக் கண்காணிப்பு அதிகாரியே குழுவைக் கூட்டுபவர். நமக்கு இது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்த விஷயம். யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும் ஒவ்வொரு பறிமுதலையும் இக்குழு தானாகவே ஆராய வேண்டும்; முதல் தகவல் அறிக்கையோ புகாரோ பதிவாகாமலும், வேட்பாளரோடும் கட்சியோடும் பிரசாரத்தோடும் தொடர்பில்லாமலும் இருந்தால், காரணங்களை எழுதி, பணத்தை உடனே விடுவிக்க உத்தரவிட வேண்டும். தானாக நடக்கும் என்று காத்திருப்பதைவிட, ரசீதின் நகல், அடையாள அட்டையின் நகல், பணத்துக்கான ஆதாரங்கள் ஆகியவற்றை இணைத்து ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்து, மனு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. விடுவிக்க வேண்டிய தொகை 10 லட்சத்துக்கு மேற்பட்டதானால், முன்கூட்டி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கப்படும்.

வழக்கு எதுவும் பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு நாளிலிருந்து 7 நாள்களுக்கு மேல் கருவூலத்தில் முடக்கி வைக்கக் கூடாது என்பது உச்ச வரம்பு. அதுவரை காத்திருக்க வைக்கலாம் என்பது அதன் பொருள் அல்ல. வழக்குப் பதிவாகிவிட்டால் குழுவின் கை கட்டப்பட்டுவிடும். பிறகு நீதிமன்றத்தின் வழியாகத்தான் பணத்தைக் கேட்க முடியும். ஆகவே ரசீதைக் கையில் வாங்கும்போதே, வழக்குப் பதிவாகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லையோர மாவட்டம் என்பதால் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலைப் பக்கம் பணம் எடுக்கப்பட்டால் நாகர்கோவிலில் மனுக் கொடுத்துப் பயனில்லை. திருவனந்தபுரம் மாவட்டக் குழுவிடம்தான் போக வேண்டும். வாக்குப்பதிவுத் தேதிகளும் இரு பக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2021-இல் தமிழ்நாடும் கேரளமும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் வாக்களித்தன. 2024-இல் இங்கே ஏப்ரல் 19, அங்கே ஏப்ரல் 26. நம் ஊரில் ஓட்டுப் போட்டு விரலில் மை காய்ந்துவிட்டது, இனிச் சோதனை இருக்காது என்று அந்த இடைப்பட்ட வாரத்தில் பணப்பையோடு பாலராமபுரத்துக்குத் துணி எடுக்கப் புறப்பட்டிருந்தால், காகிதங்கள் அப்போதும் பையில் இருந்திருக்க வேண்டும்.